சந்தைக்கு வரும் அவரையும் பூச்சி மருந்தும்

கிராம மக்களின் உணவில் அவரை இனத்துக்கு உள்ள சிறப்பை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பந்தலில் காய்க்கும் அவரை, மேட்டு நிலத்துக் காராமணி, கொத்தவரை, மலைப் பகுதிகளிலிருந்து வரும் பீன்ஸ் ஆகிய பச்சைக் காய்களும், மொச்சை, தட்டைப்பயறு முதலிய உலர்ந்த பயறுகளும் ஏழை எளியவர்க்குப் புரதச் சத்தை அளிக்கும் பொருள்களில் முக்கியமானவை. இறைச்சியும் முட்டையும் நாள்தோறும் வாங்க இயலாத குடும்பத்தில் ஒரு கைப்பிடி மொச்சையே குழம்புக்குச் சுவையும் உடலுக்கு உரமும் தருகிறது. இத்தகைய உணவு தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை.

எனினும், சந்தையில் காய் வாங்கும் மக்கள் இப்போது ஓர் ஐயத்தோடே வாங்குகின்றனர். பளபளப்பாகவும் புழு இல்லாமலும் இருக்கும் காயைக் கையில் எடுத்து, "இதற்கு எத்தனை முறை மருந்து அடித்தார்களோ!" என்று சொல்லிக்கொண்டே கூடையில் இடுகின்றனர். மறு பக்கத்தில் விவசாயியோ, "மருந்து அடிக்காமல் அவரை வீடு வந்து சேருமா? சொத்தைக் காயை வாங்குவார் யார்?" என்று கேட்கிறார். இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. இவ்விரண்டுக்கும் பொதுவான விடை ஒன்றும் உண்டு. பச்சைக் காயைப் பொறுத்தவரை, எந்த மருந்து தெளிக்கப்பட்டது என்பதோடு, தெளித்த நாளுக்கும் பறித்த நாளுக்கும் இடையே எத்தனை நாள்கள் சென்றன என்பதே அக்காய் உண்ணத்தக்கதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. உலர்ந்த பயற்றைப் பொறுத்தவரை, சேமிக்கும் இடத்தில் மருந்தை அதன்மேல் படவிடாமல் காப்பதே வழி. இவ்விரு செய்திகளையும் சற்று விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எச்சம் என்பது யாது?

பயிரின் மீது தெளிக்கப்பட்ட மருந்து அன்றே முழுவதும் மறைந்துவிடுவதில்லை. வெயிலாலும் காற்றாலும் மழையாலும், செடியின் உள்ளே நிகழும் மாறுதல்களாலும் அது சிறிது சிறிதாகச் சிதைகிறது. சிதைந்தது போக, காய் பறிக்கும்போதும் உண்ணும்போதும் அதில் தங்கியிருக்கும் பகுதியையே மருந்து எச்சம் என்கிறோம். மருந்துகளுள் சில காயின் தோலின்மீது மட்டுமே படிந்திருக்கும். இவற்றைத் தொடு நஞ்சுகள் என்பர். வேறு சில இலை வழியாகவும் வேர் வழியாகவும் உட்புகுந்து செடியின் சாற்றோடு கலந்துவிடும். இவை ஊடுருவிப் பாயும் மருந்துகள் எனப்படும். முதல் வகையைக் கழுவிப் பெருமளவு போக்கலாம். இரண்டாம் வகையை எத்தனை குடம் நீர் ஊற்றினாலும் முற்றிலும் போக்க இயலாது.

ஒரு மருந்து ஓர் உணவுப் பொருளில் எவ்வளவுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது என்பதற்கு அரசு ஒரு வரம்பு விதித்திருக்கிறது. ஒரு கிலோகிராம் பொருளில் இத்தனை மில்லிகிராம் என்று அந்த வரம்பு கூறப்படுகிறது. நம் நாட்டில் 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிகளில் இவ்வரம்புகள் வகுக்கப்பட்டன. தனி வரம்பு எதுவும் குறிக்கப்படாத மருந்துகளுக்கு, கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதே பொதுவான வரம்பு. இந்த அளவின் நுட்பத்தை உணர ஒரு கணக்கைப் பார்க்கலாம். பத்து டன் ஏற்றிய பத்து லாரிகள் வரிசையாக நிற்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நூறு டன் காய்க்கும் சேர்த்து ஒரே ஒரு கிராம் மருந்து இருந்தால், அதுவே 0.01 மில்லிகிராம் என்னும் அளவு.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. வரம்பைச் சற்றே மீறிய காயை ஒரு நாள் உண்டவர் உடனே நோயுறுவார் என்பதில்லை. முறைப்படி மருந்து தெளித்தால் எவ்வளவு தங்கும் என்பதைக் கண்டு, வாழ்நாள் முழுவதும் நாள்தோறும் உண்டாலும் தீங்கு நேராத அளவோடு ஒப்பிட்டு, விஞ்ஞானிகள் இவ்வரம்பை வகுக்கின்றனர். ஆகவே வரம்பு மீறல் என்பது, முதலாவதாக, எங்கோ முறை தவறியிருக்கிறது என்பதைக் காட்டும் அறிகுறி. அம்முறை தவறுதல் நாள்தோறும் தொடர்ந்தால், உடல் எடையில் சிறியவர்களான குழந்தைகளும் கர்ப்பிணிப் பெண்களும் முதலில் பாதிக்கப்படுவர். அளவு மிகப் பெரிதாக இருந்தால் ஒரே வேளை உணவும் ஆபத்தாகலாம். அஞ்சி நடுங்குவதும் கூடாது. அசட்டையாக இருப்பதும் கூடாது.

அவரைக்கு உரிய தனி இடர்ப்பாடு

நெல்லுக்கு மருந்து தெளித்தால், அது கதிர் முற்றி, அறுவடையாகி, உமி நீங்கி அரிசியாகி உலைக்கு வர வெகு நாள்கள் ஆகும். அவரையின் கதை வேறு. அவரையும் காராமணியும் காய்ப்புக்கு வந்தபின், ஒரே கொடியில் ஒரே நாளில் மொட்டும் பூவும் பிஞ்சும் முற்றிய காயும் காணப்படும். மூன்று நான்கு நாள்களுக்கு ஒரு முறை பறித்தாக வேண்டும். பூவையும் பிஞ்சையும் தாக்கும் புழுக்களும் அதே காலத்தில்தான் வருகின்றன. ஆகவே மருந்து தெளிப்பும் காய்ப் பறிப்பும் ஒன்றன்மீது ஒன்று ஏறிவிடுகின்றன. பறித்த காயைத் தோலோடு நறுக்கிச் சமைக்கிறோம். இடையே உமி என்ற காப்பும் இல்லை.

புள்ளிக் காய்ப்புழு என்பது பூக்களையும் பிஞ்சுகளையும் நூலால் பின்னி ஒட்டி, அதற்குள் மறைந்திருந்து தின்னும் இயல்புடையது. அது மறைந்தபின் தெளிக்கும் மருந்து புழுவின்மேல் படுவதைவிடக் காயின்மேல் படுவதே மிகுதி. புழு சாகவில்லை என்று கண்ட விவசாயி, அளவைக் கூட்டுகிறார். இரண்டு மருந்துகளைக் கலக்கிறார். ஐந்து நாளில் மீண்டும் தெளிக்கிறார். புழு குறைவதில்லை, எச்சம் மட்டும் கூடுகிறது. அசுவினியோ இளந்தளிரில் கூட்டமாய் மொய்த்துச் சாற்றை உறிஞ்சும். அதை உண்ணும் பொறிவண்டுகள் மருந்தால் முதலில் மடிந்துபோவதால், அசுவினி முன்னிலும் பெருகுவதைப் பல தோட்டங்களில் காணலாம்.

நாள்களின் கணக்கை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். தெளித்த அன்று காயில் ஒரு மருந்து கிலோவுக்கு 4 மில்லிகிராம் இருப்பதாகவும், இரண்டு நாள்களுக்கு ஒரு முறை அது பாதியாகக் குறைவதாகவும் கொள்வோம். இரண்டாம் நாள் 2. நான்காம் நாள் 1. ஆறாம் நாள் 0.5, எட்டாம் நாள் 0.25 என்று குறையும். வரம்பு 0.5 என்றால் ஆறாம் நாள் பறித்த காய் வரம்புக்குள் வந்துவிட்டது. இரண்டாம் நாள் பறித்த காயில் வரம்பைப் போல் நான்கு மடங்கு மருந்து இருக்கிறது. நிலமும் விதையும் ஒன்றே, மருந்தும் ஒன்றே, பறித்த நாள் மட்டுமே வேறு.

இந்த நாள் கணக்கையே காத்திருப்புக் காலம் என்று மருந்துப் புட்டியோடு வரும் சீட்டில் அச்சிடுகின்றனர். அது மருந்துக்கு மருந்து மட்டுமன்றிப் பயிருக்குப் பயிரும் மாறுபடும். எமாமெக்டின் பென்சோயேட் என்னும் மருந்துக்குக் கத்தரியில் 3 நாள்கள், வெண்டையில் 5 நாள்கள், துவரையில் 14 நாள்கள் என்று காத்திருப்புக் காலம் குறிக்கப்பட்டிருக்கிறது. "கத்தரிக்கு அடித்தோம், மூன்றாம் நாள் பறித்தோம், அவரைக்கும் அப்படியே" என்று செய்வது பிழை என்பது இதனால் விளங்கும். சீட்டில் எந்தப் பயிரின் பெயர் இல்லையோ, அந்தப் பயிருக்கு அம்மருந்தைத் தெளிப்பதே முறையன்று.

இரு நாடுகள் தரும் பாடம்

இந்த இடர்ப்பாடு நமக்கு மட்டும் உரியதன்று. சீனத்தின் தென்கோடியில் உள்ள ஹைனான் தீவு, குளிர்காலத்தில் வட பகுதிகளுக்குக் காய்கறி அனுப்பும் இடம். 2010-ம் ஆண்டின் தொடக்கத்தில், அங்கிருந்து வூஹான் நகரச் சந்தைக்கு வந்த காராமணிக் காய்களில் ஐசோகார்போபாஸ் என்னும் கடுமையான மருந்தின் எச்சம் கண்டுபிடிக்கப்பட்டது. காய்கறிகளில் பயன்படுத்தக் கூடாதென்று விலக்கப்பட்ட மருந்து அது. வூஹான் நகரம் அத்தீவின் காராமணியைச் சில மாதங்களுக்குத் தடை செய்தது. வேறு பல நகரங்களும் சோதனையில் இறங்கின. முறை தவறியவர் சிலரே ஆயினும், சந்தேகம் தீவு முழுவதிலும் பயிரிட்ட அனைவர் மீதும் விழுந்தது.

மற்றொரு பாடம் ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவிலிருந்து கிடைக்கிறது. காராமணி விளைவிப்பதில் உலகில் முதன்மையான நாடு அது. அங்கு மக்களின் அன்றாட உணவிலும் அப்பயறு பெரும் பங்கு பெறுகிறது. 2015-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஐரோப்பிய ஒன்றியம் நைஜீரியாவின் உலர்ந்த பயற்றை இறக்குமதி செய்வதை நிறுத்தியது. சோதித்த பயற்றில் டைகுளோர்வாஸ் என்னும் மருந்து கிலோவுக்கு 0.03 முதல் 4.6 மில்லிகிராம் வரை இருந்தது. அங்கு அனுமதிக்கப்பட்ட அளவோ 0.01 மில்லிகிராம்தான். மிகுதியான இடத்தில் வரம்பைப் போல் 460 மடங்கு! ஓர் ஆண்டுக்கென்று விதிக்கப்பட்ட தடை பின்னர் மேலும் நீட்டிக்கப்பட்டது.

இங்குக் கருத வேண்டியது யாதெனில், இந்த மருந்து பெரும்பாலும் வயலில் சேர்ந்ததன்று, கிடங்கில் சேர்ந்தது. பயறு வண்டுக்கு அஞ்சிய சேமிப்போர், மூட்டையிலும் பயற்றின்மீதும் மருந்தைத் தெளித்தனர். கிடங்கின் இருளில் வெயிலும் மழையும் இல்லை; வயலில் சிதைவது போல் அங்கு மருந்து விரைவில் சிதைவதுமில்லை. மேலும், ஐரோப்பியத் துறைமுகத்தில் திருப்பி அனுப்பப்பட்ட பயற்றைப் பற்றி உலகம் அறிந்தது. அதே விதமாகச் சேமிக்கப்பட்டு உள்ளூர்ச் சந்தையில் விற்கப்பட்ட பயற்றை உண்ட மக்களுக்கோ அத்தகைய துறைமுகக் காவல் இல்லை. ஏற்றுமதிக்குரிய தூய்மை ஒன்று, நம் பிள்ளைகளுக்குரிய தூய்மை மற்றொன்று என்று இருத்தல் தகுமோ?

நம் நாட்டில் டைகுளோர்வாஸ், போரேட், டிரையசோபாஸ் முதலிய மருந்துகள் 2018-ம் ஆண்டின் ஆணைப்படி 2020-ம் ஆண்டு டிசம்பர் இறுதியோடு தடை செய்யப்பட்டுவிட்டன. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளில் பயன்படுத்துவது 2005-ம் ஆண்டிலேயே விலக்கப்பட்டது. பழைய புட்டி வீட்டு மூலையில் கிடக்கிறதே என்று அதை எடுத்துத் தெளிப்பது சட்டத்துக்கும் மனச்சாட்சிக்கும் ஒவ்வாத செயல்.

கவனிக்கப்படாத மூன்றாவது வாயில்

வயலும் கிடங்கும் அன்றி, நஞ்சு உணவில் புகுவதற்கு மூன்றாவது வாயில் ஒன்றும் உண்டு. அது வண்டியும் பாத்திரமும் ஆகும். 1958-ம் ஆண்டில் கேரளத்தில் பாரத்தியான் என்னும் பூச்சி மருந்து, உடன் ஏற்றி வந்த உணவுப் பொருள்களில் கலந்ததால், அவற்றை உண்ட நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயரத்தையொட்டி நடந்த விசாரணையே 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறக்க வழிகோலியது. அரை நூற்றாண்டுக்குப் பின்னும் அந்த வாயில் அடைபடவில்லை. 2013-ம் ஆண்டு ஜூலை 16 அன்று, பீகார் மாநிலத்துச் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் மாண்டனர். சமையலுக்கு எடுத்த எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் கலந்திருந்தது ஆய்வில் தெரிந்தது.

காய் மூட்டையும் மருந்துப் பெட்டியும் ஒரே வண்டியில் செல்வது, மருந்து கலந்த வாளியில் பறித்த காயைக் கழுவுவது, காலியான மருந்து டப்பாவில் விதைப் பயற்றையோ எண்ணெயையோ வைப்பது ஆகியவை கிராமங்களில் எளிதில் நேரக்கூடிய செயல்கள். இவற்றில் எதுவும் வறுமையால் வருவதன்று, பழக்கத்தால் வருவது. பழக்கத்தை மாற்றுவதற்குப் பெரும் பொருள் செலவு இல்லை.

சட்டம் கூறுவது

2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தில் விவசாயிகளும் வியாபாரிகளும் அறிய வேண்டிய பகுதிகள் சில உண்டு. விளைபொருள் விவசாயியின் கையில் இருக்கும்வரை அச்சட்டம் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. அது வியாபாரியின் கைக்கு மாறிய கணமே சட்டத்தின் எல்லைக்குள் வந்துவிடுகிறது. ஆகவே தம்முடைய காயில் எச்சம் இருந்தால் அதற்கு விடை கூற வேண்டியவர் கமிஷன் மண்டிக்காரரும் கடைக்காரருமே. அவர்கள் விவசாயியிடம் "என்றைக்கு மருந்து அடித்தீர்கள்?" என்று கேட்பது தொந்தரவு அன்று, தற்காப்பு.

அச்சட்டத்தின் 21-வது பிரிவு, வரம்பை மீறிய மருந்து எச்சம் உணவில் இருக்கக் கூடாது என்பதோடு, உணவுப் பொருளின்மீது பூச்சி மருந்தை நேரடியாகப் பயன்படுத்தக் கூடாது என்றும் விதிக்கிறது. பதிவு பெற்ற புகை மருந்துகளுக்கு மட்டுமே விலக்கு உண்டு. அவற்றையும் பயிற்சி பெற்றவர்களே கையாள வேண்டும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக் குதிரில் போட்டு வைப்பது குடும்பத்தையே பலி கொடுக்கக்கூடிய செயல். 40-வது பிரிவின்படி, பொருள் வாங்கியவர் எவரும் உரிய கட்டணம் செலுத்தி அதைப் பகுப்பாய்வு செய்விக்கலாம்.

தேசிய அளவில் மருந்து எச்சங்களைக் கண்காணிக்கும் திட்டம் 2005-06 முதல் நடந்துவருகிறது. கோவை வேளாண்மைப் பல்கலைக் கழகத்திலும் இதற்கென ஆய்வுக்கூடம் உண்டு. எனினும் ஆய்வுக்கூடத்தை மட்டும் நம்பி இருத்தல் இயலாது. மாதிரி எடுத்து, அனுப்பி, முடிவு வருவதற்குள் அந்தக் காய் சமைத்து உண்ணப்பட்டுவிடும். ஆய்வு, ஒரு வட்டாரத்தின் போக்கைக் காட்டும். ஒவ்வொரு கூடையையும் காக்காது. கூடையைக் காப்பவர் விவசாயியே.

விவசாயிகள் செய்யத்தக்கவை

எங்கள் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊரில் இது குறித்துக் கூட்டம் நடந்தபோது, முதியவர் ஒருவர் எழுந்து கேட்டார்: "ஐயா, பதினாலு நாள் பறிக்காதே என்கிறீர்கள். நாலாம் நாள் பறிக்காவிட்டால் காய் முற்றி நார் ஏறிவிடும். மாட்டுக்குத்தான் போட வேண்டும். அந்த நட்டத்தை யார் கொடுப்பார்கள்?" இக்கேள்வி மிகவும் நியாயமானது. நட்டத்துக்கு ஈடு தருவார் யாருமில்லை. ஆதலால், காய்ப்புத் தொடங்கியபின் நெடுநாள் காத்திருக்க வேண்டிய மருந்தைக் கையில் எடுக்கும் நிலையே வராதபடி முன்கூட்டித் திட்டமிடுவதுதான் வழி. காத்திருப்புக் காலத்தைக் கடைப்பிடித்தல் என்பது காயை விட்டுவைப்பது அன்று, மருந்தைத் தேர்ந்தெடுப்பது.

இதற்கான முறையைப் பின்வருமாறு கூறலாம்.

1. பூக்கும் பருவம் வரும்வரை வாரம் இருமுறை கொடியைப் பார்வையிட வேண்டும். அசுவினி மொய்த்த நுனிகளைக் கிள்ளி அழிக்கலாம். மஞ்சள் ஒட்டும் பொறிகளைக் கட்டலாம். பொறிவண்டுகள் மிகுதியாகக் காணப்பட்டால் சில நாள்கள் பொறுத்திருப்பதே நலம்.

2. பூக்கத் தொடங்கியதும் ஏக்கருக்கு 5 வீதம் இனக்கவர்ச்சிப் பொறிகளும், 20 வீதம் பறவை தாங்கிகளும் அமைத்தால் பச்சைக் காய்ப்புழுவின் வரவை அறியவும் குறைக்கவும் இயலும். நூலால் பின்னப்பட்ட பூங்கொத்துக்களைக் கையால் பறித்து அழிப்பதே புள்ளிக் காய்ப்புழுவுக்கு ஏற்ற முதல் மருந்து.

3. வேப்பங்கொட்டைக் கரைசல் யாவரும் தயாரிக்கக்கூடியது. 5 கிலோ வேப்பம் பருப்பை இடித்து, 10 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். இலையில் ஒட்டும் பொருட்டுச் சிறிது சோப்புக் கரைசல் சேர்க்கலாம். அன்றன்று தயாரித்து, பிற்பகலில் வெயில் தணிந்தபின் தெளித்தல் வேண்டும். புழு சிறிதாக இருக்கும்போது இது நற்பயன் தரும். முற்றிய புழுவுக்குப் போதாது.

4. வேறு வழியின்றி இரசாயன மருந்து தெளிக்க நேர்ந்தால், சீட்டில் அப்பயிரின் பெயர் உள்ளதா, காத்திருப்புக் காலம் எத்தனை நாள் என்று வேளாண்மை உதவி அலுவலரைக் கேட்டு அறிதல் வேண்டும். முதலில் பறிக்கத்தக்க காய் அனைத்தையும் பறித்துவிட்டு, அதன்பின் தெளிக்க வேண்டும். தெளித்துவிட்டுப் பறிப்பது முறையன்று.

5. புட்டியில் உள்ள வண்ணக் குறியைக் கவனிக்க வேண்டும். சிவப்பு மிகக் கொடிய நஞ்சையும், மஞ்சள் அதற்கு அடுத்ததையும், நீலமும் பச்சையும் படிப்படியாகக் குறைந்த நஞ்சையும் குறிக்கும். பச்சைக் குறி உள்ளதும் மருந்தே. அதற்கும் காத்திருப்புக் காலம் உண்டு.

எங்கள் பகுதியில் சில விவசாயிகள் எளிய வழக்கம் ஒன்றை மேற்கொண்டிருக்கின்றனர். மருந்து தெளித்த அன்று பந்தல் காலில் ஓர் அட்டையைக் கட்டி, "இந்தத் தேதி வரை பறிக்க வேண்டாம்" என்று எழுதிவைக்கின்றனர். காய் பறிக்க வருபவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வரும் பெண்கள். நேற்று மருந்து தெளித்ததை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நனைந்த கொடிக்குள் கை நுழைத்துக் காய் பறிப்பவர்க்கே எச்சத்தின் முதல் பங்கு சேர்கிறது. ஆகவே அந்த அட்டை நகரத்தில் உண்பவரைக் காப்பதற்கு முன் நம் ஊர்ப் பெண்களைக் காக்கிறது. மருந்து தெளித்தவர்க்கோ பறித்தவர்க்கோ மிகுந்த வியர்வை, வாயில் எச்சில் பெருகுதல், வாந்தி, கண் மங்கல், மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால், உடையைக் களைந்து உடலைச் சோப்பு நீரால் கழுவி, மருந்துப் புட்டியின் சீட்டோடு உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 108 எண்ணுக்குத் தெரிவிக்கத் தயங்கலாகாது.

பயற்றைச் சேமிக்கும் முறை

பயறு வண்டு கிடங்கில் தோன்றுவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வயலில் காய் உலரும்போதே அது முட்டையிட்டுவிடுகிறது. மூட்டையோடு வீட்டுக்கு வருகிறது. ஆதலால் காய் முற்றியதும் காலம் தாழ்த்தாது அறுவடை செய்து, நன்கு காயவைப்பதே முதற் காப்பு. பல்லில் கடித்தால் 'டக்'கென்று உடையும் பதம் வரை காய வேண்டும் என்று நம் பெரியோர் சொல்வது சரியான அளவுகோல். காய்ந்த பயற்றைச் சிறிது எண்ணெயில் புரட்டி வைத்தல், செம்மண் கட்டி வைத்தல், உடைத்துப் பருப்பாக்கி வைத்தல் ஆகிய பழைய முறைகள் வண்டு முட்டையிடுவதைத் தடுப்பவை. இவை மூட நம்பிக்கைகள் அல்ல.

காற்றுப் புகாத பைகளில் சேமிக்கும் முறை மேற்கு ஆப்பிரிக்காவில் காராமணிக்கென்றே பரப்பப்பட்டது. நெய்த பிளாஸ்டிக் சாக்கின் உள்ளே இரண்டு தடித்த பாலிதீன் பைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, பயற்றை நிரப்பி, ஒவ்வொரு வாயையும் இறுகக் கட்டிவிடுவர். உள்ளே இருக்கும் வண்டு, அங்குள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுத் தானே அடங்கும். ஒரு சொட்டு மருந்தும் வேண்டியதில்லை. மகளிர் சுய உதவிக் குழுக்கள் விதைப் பயற்றைச் சேமிக்க இம்முறையைக் கையாண்டு பார்க்கலாம்.

அடுக்களையில்

காய் வாங்கும் தாய்மார்கள் அஞ்சிக் காய்கறியையே குறைத்துவிட வேண்டாம். அதனால் வரும் சத்துக் குறைவு பெரிய தீங்கு. அவரையையும் பீன்ஸையும் நறுக்குவதற்கு முன், ஓடும் நீரிலோ இரண்டு மூன்று முறை மாற்றிய நீரிலோ கையால் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். உப்பு கலந்த நீரில் சிறிது நேரம் ஊறவைத்துப் பின் நல்ல நீரில் அலசுவது தோலின்மேல் உள்ள எச்சத்தை மேலும் குறைக்கும். நறுக்கியபின் கழுவினால் சத்துத்தான் போகும். காயைக் கழுவச் சோப்பைப் பயன்படுத்தலாகாது. உலர்ந்த மொச்சையையும் தட்டைப்பயற்றையும் ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டுப் புதிய நீரில் வேகவைப்பது நல்ல பழக்கம். பயற்றில் மருந்து நெடி வீசினால் அதை வாங்கவே கூடாது.

எனினும் கழுவுதல் முழுக் காப்பு ஆகாது என்பதை மீண்டும் நினைவுறுத்துகிறோம். சாற்றோடு கலந்த மருந்தை நீர் எடுப்பதில்லை. தோட்டத்தில் செய்யத் தவறியதை அடுக்களையில் செய்து முடிக்க இயலாது. வாங்குபவர் செய்யக்கூடிய மற்றொரு பேருதவி, சிறு புழுத் துளை உள்ள காயை இகழ்ந்து ஒதுக்காதிருத்தல். ஒரு சொத்தைக் காயை நறுக்கி எறிய மனமிருந்தால், விவசாயிக்கு ஒரு முறை மருந்து தெளிக்கும் அவசியம் குறையும்.

ஊராட்சியின் பணி

இவையாவும் தனித்தனியாக ஒருவர் செய்து முடிக்கக்கூடியவை அல்ல. பக்கத்துத் தோட்டத்தார் இன்று தெளித்தால் அவருடைய புழு நாளை நம் தோட்டத்துக்கு வரும். ஆகவே அவரை, காராமணி பயிரிடும் ஊர்களில் விவசாயிகள் ஒன்றுகூடித் தெளிப்பு நாளையும் பறிப்பு நாளையும் பொதுவாக வகுத்துக்கொள்ளலாம். உழவர் சந்தைக்குக் காய் கொண்டு வருவோர், மருந்தின் பெயர், தெளித்த தேதி, பறித்த தேதி ஆகிய மூன்றையும் சிறு குறிப்பேட்டில் எழுதிவைத்து, கேட்பவர்க்குக் காட்டலாம். அவ்வாறு காட்டும் கடையை மக்கள் நாடி வருவார்கள் என்பதில் ஐயமில்லை. கிராம சபைக் கூட்டங்களில் வேளாண்மை உதவி அலுவலரையும் உணவுப் பாதுகாப்பு அலுவலரையும் அழைத்து இப்பொருளைப் பேசச் செய்யலாம். காலியான மருந்துப் புட்டிகளைத் துளையிட்டு, வீட்டுக்கும் சத்துணவுக் கூடத்துக்கும் எட்டாத இடத்தில் சேர்த்து அகற்றும் பொறுப்பை ஊராட்சி ஏற்றல் வேண்டும்.

உற்பத்தியைப் பெருக்குவது கிராம வளர்ச்சியின் ஒரு பாதி. பெருக்கிய பொருளை அச்சமின்றி உண்ணும்படி செய்வது மறு பாதி. பந்தலின் கீழ் நின்று காய் பறிக்கக் கை நீட்டும்போது, "மருந்து தெளித்து எத்தனை நாள் ஆயிற்று?" என்ற கேள்வி ஒவ்வொருவர் உள்ளத்திலும் எழ வேண்டும். அக்கேள்விக்குச் சரியான விடை கிடைத்த பின்னரே காய் கூடைக்குப் போக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு எதை ஊட்டத் துணிவோமோ அதையே சந்தைக்கு அனுப்புவோம் என்று விவசாயிகள் உறுதி கொள்வார்களாக.